கோகிலா வசவில் ஓடிய காலம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொஞ்சம் தலையெடுத்த பட்டறைக்காரர்களில் சிலர் தோட்டம் வாங்கினார்கள், சிலர் கல்யாண மண்டபம் கட்டினார்கள். சின்னவாய்க்கால் லேஅவுட் நாச்சிமுத்து மட்டும் ரயில் இஞ்சின் செய்தார்.

பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிப் போகும். ஒரு சாண் அகலத் தண்டவாளத்தில், இடுப்பு உயரத்துக்கு நின்று, நிஜமாகவே நிலக்கரி தின்று, நிஜமாகவே தண்ணீர் குடித்து, நிஜமாகவே நீராவி விட்டு, பின்னாலுள்ள பெட்டிகளில் குதிரை ஏறுவது போலக் கால் போட்டு உட்கார்ந்த பெரிய ஆட்களைப் பத்துப் பன்னிரண்டு பேர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற இஞ்சின் அது. பட்டறை வேலை முடிந்த மிச்ச நேரத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியையும் தானே கடைந்து செய்து முடித்து, அதற்குக் கோகிலா என்று பேர் வைத்தார். பேர் வைத்ததில் ஒரு சங்கடம் வந்தது. கோகிலாவுக்காக நாச்சிமுத்து காரை விற்றுவிட்டார், கோகிலாவுக்காக இரண்டாவது லேத்தையும் விற்றுவிட்டார் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு பரவி, உடுமலைப்பேட்டையிலிருந்து அவர் மனைவி மயிலாத்தாளின் தம்பி இரண்டு முரட்டு ஆட்களோடு வந்து இறங்கி, "எங்கீங்க அந்தக் கோகிலா?" என்று வாசலிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டான். ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியதும் மூன்று பேரும் ஒரு சுற்று ஏறி உட்கார்ந்து வந்து, "பரவால்லீங்க மச்சான், நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போனார்கள்.

செய்து முடித்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு ஒன்று விளங்கியது. இஞ்சினைச் செய்வது பெரிய செலவில்லை, அதற்குச் சோறு போடுவதுதான் செலவு. ஊரிலுள்ள வார்ப்படப் பட்டறைகளில் கிடைக்கும் கரி கோகிலாவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஏற்ற நிலக்கரி எங்கோ துறைமுகத்தில் இறங்குகிறது, அங்கே கேட்டால் லாரி லாரியாக அனுப்புவோம், சாக்குக் கணக்கில் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். எண்ணெய் தனி, குழாய் தனி, வால்வுக்கு வளையம் தனி. நெருப்புப் பெட்டிக்குச் செம்புத் தகடு வாங்க வழியில்லாமல், மயிலாத்தாள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த பெரிய செப்புத் தவலையை அவள் உடுமலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து வெட்டி, தட்டி, வளைத்து வைத்துவிட்டார். திரும்பி வந்தவள் வெந்நீர் போட அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஷெட்டுக்கு வந்து நெருப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் அவருக்கு ரசம் மட்டும் வைத்தாள்.

லேஅவுட்டின் நடுவில் பூங்காவுக்கென்று விட்டு யாரும் பூங்கா வைக்காத ரிசர்வ் சைட் ஒன்று இருந்தது. அதைச் சுற்றித்தான் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமையானால் லேஅவுட் சனம் முழுக்க அங்கே கூடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவுக்கடைப் பாப்பாத்தியக்கா வீட்டில் காதுகுத்து, பட்டுப்புடவையும் சரிகை வேட்டியுமாக விருந்தாளிகள் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், கரியோ மழையில் நனைந்து போயிருந்தது. பிரஷர் மீட்டர் முள் சோம்பேறியைப் போல அடியிலேயே படுத்துக் கிடந்தது. நாச்சிமுத்து விறகு போட்டார், தேங்காய் மட்டை போட்டார், பழைய நாற்காலிக் கால் போட்டார், பிறகு யாரும் பார்க்காதபோது அடுப்படியிலிருந்து எதையோ எடுத்துவந்து போட்டார்.

அது சப்பாத்திக் கட்டை. மயிலாத்தாள் பின்னாலேயே வந்துவிட்டாள். விருந்தாளிகளுக்கு முன்னால் புருஷனைப் பேச அவளுக்கு மனசு வரவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் குனிந்து, நெருப்புப் பெட்டியின் கதவுக்கு நேராக முகத்தை வைத்து, கோகிலாவைப் பேசினாள்.

"ஏண்டி கருவாச்சி, என்ற தவலையத் தின்னது பத்தாதுன்னு கட்டையவும் தின்னுபோட்டியா? காரத் தின்னே, லேத்தத் தின்னே, அடுத்து என்னையத் திங்கோணுமா? உன்ற வகுத்துல இடி விழ! நீ வெளங்குவியா? நீ உருப்படுவியா?"

முள் எழுந்து நின்றது. அவள் பேசப் பேச அது நகர்ந்தது, தவலையில் தொடங்கித் தன் மாமியார் காலத்துச் சங்கதி வரைக்கும் அவள் போய் நின்றபோது பாய்லர் நிறைந்து, சேஃப்டி வால்வு புஸ்ஸென்று திறந்து, விருந்தாளிகள் கைதட்டினார்கள். அன்றைக்குக் கோகிலா ஒரு பிடி கரி கேட்காமல் மதியச் சாப்பாடு வரைக்கும் ஓடினாள்.

இது எப்படி என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தவலைச் செம்பு அப்படி என்றார்கள் சிலர். எங்கள் சித்தப்பா வீட்டு மோட்டாரும் திட்டினால்தான் தண்ணீர் எடுக்கும், இதிலென்ன இருக்கிறது என்றார்கள் சிலர். பாப்பாத்தியக்கா மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் ரெண்டு வார்த்தை சொல்லிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். மாவு புளிச்சுப்போச்சு, மாவு புளிக்கவே இல்லை என்று இரண்டு விதமாகவும் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கைக்காரர்களைச் சிரித்த முகத்தோடு சமாளித்து வந்தவள் அவள். "எடுபட்டவனே" என்று அவள் ஆரம்பித்ததும் நாச்சிமுத்து ஓடிப்போய்ப் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு கோகிலாவுக்குச் சோற்றுப் பஞ்சமே வரவில்லை. வீட்டுக்காரனைப் பேச முடியாத வாடகைக்காரர்கள் வந்தார்கள், வாடகைக்காரனைக் காலி பண்ண முடியாத வீட்டுக்காரர்கள் வந்தார்கள், மருமகளைப் பேசப் பயந்த மாமியார்களும் மாமியாரைப் பேசப் பயந்த மருமகள்களும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று, ஒருவருக்கொருவர் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, முறை வந்ததும் குனிந்து நெருப்புப் பெட்டிக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். எந்த வசவுக்கு எவ்வளவு சூடு என்பது நாச்சிமுத்துவுக்குப் பழக்கத்தில் தெரிந்துபோயிற்று. கூடப் பிறந்தவர்களைப் பற்றிய வசவு நின்று எரியும், மேட்டுக்கு அதுதான் நல்லது. அரசியல் வசவில் புகைதான் வரும், சூடு இருக்காது. ஒரு முறை ஆசைப்பட்டு மேடைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்ததில் லேஅவுட் முழுக்கக் கரும்புகை மண்டி, துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் பாழானது. செல்போனில் வந்ததைப் பார்த்துப் படித்த வசவு வெறும் சாம்பல். எல்லாவற்றையும்விட உயர்ந்த சரக்கு, ரிட்டையரான தமிழாசிரியை ரோஸ்லின் டீச்சருடையது. அவர் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு, "நீர் நன்றி கெட்டவர். உம்மை நம்பி நான் பென்ஷன் பேப்பரில் கையெழுத்திட்டேன்" என்று யாரையோ நினைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், புகையே இல்லாமல், நீல நிறத்தில், அரை நாள் எரியும்.

நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் வந்ததில்லை. கோகிலாவுக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்தார், கரி வாங்கும் கவலை போன தெம்பில் தண்டவாளத்தை வேப்பமரம் வரைக்கும் நீட்டினார். ஒரே ஒரு குறைதான். வாரா வாரம் குழாய்களைத் துலக்கும்போது உள்ளே தார் மாதிரி பிசுபிசுவென்று கறுப்பாக ஒன்று படிந்திருக்கும், எந்தப் பிரஷ்ஷுக்கும் வராது, எந்த எண்ணெய்க்கும் கரையாது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

லேஅவுட்டும் மாறிவிட்டது. கோகிலாவிடம் பேசித் தீர்த்த வசவு திரும்ப யார் வாய்க்கும் வரவில்லை. காலையில் பொதுக் குழாயில் தண்ணீர் வந்தால், "நீங்க மொதல்ல புடிங்க அம்மணி" என்று ஒருத்தி சொல்ல, "ஐயோ, நீங்க புடிங்க, நா அப்பறம் புடிச்சுக்கறே" என்று இன்னொருத்தி சொல்ல, அப்படியே ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். எல்லோரும் காலிக் குடத்தோடு கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இஸ்திரி வண்டிக்காரர் சடையப்பன் ஒரு சட்டையின் முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே நீட்டினால், "வெயில் காலம் வருதுங்களே, காத்தோட்டமா இருக்கும்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார் சட்டைக்காரர். பாப்பாத்தியக்காவின் மாவு நிஜமாகவே கெட்டுப்போக ஆரம்பித்தது, யாரும் சொல்லவில்லை என்பதால் அவளுக்கும் தெரியவில்லை, லேஅவுட் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தபடி நடமாடியது.

நாச்சிமுத்துவின் வீடும் அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் மயிலாத்தாள் காபி டம்ளரை வைக்கும்போதே நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். இப்போது டம்ளரை ஓசையில்லாமல் வைத்து, "குடிங்க" என்றாள். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பது மாதிரி இருந்தது. அவர் வேண்டுமென்றே எண்ணெய்க் கையை வெள்ளை ஜன்னல் திரையில் துடைத்துப் பார்த்தார். "தொவைச்சாப் போகுதுங்க" என்றாள். அவளுடைய ஒரே நல்ல கரண்டியை எடுத்துச் சாம்பல் அள்ளினார். "வேற வாங்கிக்கலாங்க." அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தோடு சேர்ந்து இன்னும் என்னவோ ஒன்றும் போயிருந்தது, அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சென்னியப்பன் வந்தார். நிலம் வாங்கி விற்கிறவர், கழுத்திலும் கையிலும் மஞ்சளாகக் கனத்துக் கிடக்கும் ஆள். ரிசர்வ் சைட்டின் நடுவில் நின்று, இது தன் தாத்தா காலத்து நிலம், பத்திரம் இருக்கிறது, நாளைக் காலையில் ஜேசிபி வரும், தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டுச் சுற்றிலும் வேலி போடப் போகிறேன் என்று உரத்த குரலில் சொல்லிவிட்டு, சண்டைக்குத் தயாராகக் காலை அகட்டி வைத்துக்கொண்டார்.

லேஅவுட் அவரை அன்போடு பார்த்தது.

"வெயில்ல நிக்கறீங்களே, டீ சாப்பிடறீங்களா?" என்றாள் பாப்பாத்தியக்கா. ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். வேலிக்கல் நட அவரோடு வந்திருந்த ஆட்களுக்குச் சடையப்பன் குழி அளந்து கொடுத்தார். சென்னியப்பனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. எத்தனையோ இடம் மடக்கியிருக்கிறார், இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லை. டீயை நாய்க்குக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அவர் போன பிறகு எல்லோரும் வேலிக்கல்லைச் சுற்றி நின்றார்கள். "இது அநியாயம் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்றார் ரோஸ்லின் டீச்சர், "ஆனால் நெஞ்சிலிருந்து ஒன்றும் எழும்ப மாட்டேன் என்கிறதே." பேசிப் பழகிப் பார்ப்போம் என்று சடையப்பனைச் சென்னியப்பனாக நிறுத்தி ஆளாளுக்கு முயன்றார்கள். பாப்பாத்தியக்கா நெற்றி நரம்பு புடைக்க வாயைத் திறந்து, "ஏனுங்க... நீங்க... நல்லாருப்பீங்களா? நல்லாருங்க சாமி" என்று முடித்துவிட்டு, அவமானம் தாங்காமல் அழுதாள்.

கோகிலாவும் நின்று போயிருந்தாள். ஊரில் வசவே இல்லாதபோது அவள் எதைத் தின்று ஓடுவாள்?

மறுநாள் காலையில் நாச்சிமுத்து ஷெட்டைத் திறந்து கோகிலாவைத் தண்டவாளத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "தண்டவாளத்தப் பேக்கறதுக்கு முன்ன ஒரு சுத்தாச்சும் ஓட்டிப் பாத்தர்றேன்" என்றார் பொதுவாக. கரி ஏது என்று யாரோ கேட்டார்கள். சடையப்பன் தன் இஸ்திரி வண்டியிலிருந்து கொட்டாங்குச்சிக் கரி மூட்டையை முழுசாகத் தூக்கிவந்து போட்டார். அது அவருடைய ஒரு வாரப் பிழைப்பு. அதைப் பார்த்து மற்றவர்களும் வீட்டுக்குப் போய் அவரவர் அடுப்பில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். நாச்சிமுத்து ரொம்ப நாளைக்குப் பிறகு நிஜ நெருப்பு மூட்டினார்.

நெருப்பு பிடித்த கொஞ்ச நேரத்தில் ஜேசிபி முன்னால் வர, பின்னால் வெள்ளைக் காரில் சென்னியப்பன் வந்து இறங்கினார். அதே நேரத்தில் கோகிலாவின் வயிற்றுக்குள் ஏதோ கொதிக்கும் ஓசை கேட்டது. குழாய்களில் எந்தப் பிரஷ்ஷுக்கும் வராமல் படிந்திருந்த தார் கரிச் சூட்டில் இளகத் தொடங்கியிருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது. சேஃப்டி வால்வு திறக்கவில்லை. அந்தப் பிசுபிசுப்பு அதையும் அடைத்துவிட்டது. "தள்ளிப் போங்க! எல்லாருந் தள்ளிப் போங்க, பாய்லர் வெடிச்சுரும்!" என்று கத்திவிட்டு, நாச்சிமுத்து தான் மட்டும் ஓடாமல், விசில் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

விசில் ஊதவில்லை. பேசியது.

"எடுபட்டவனே!" என்றது பாப்பாத்தியக்காவின் குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. "உன்ற வாயில மண்ணு விழ! மாவு புளிச்சுதாடா உனக்கு, மாவு புளிச்சுது?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பாப்பாத்தியக்கா வாய் மூடித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கோகிலா மூச்சு விடவில்லை. வாடகைக்காரனுக்கு வைத்திருந்த வசவும் வீட்டுக்காரனுக்கு வைத்திருந்த வசவும், மாமியாருக்கு உரியதும் மச்சினனுக்கு உரியதும், பாகப் பிரிவினையில் கிணற்றை எடுத்துக்கொண்டவனுக்கும் கல்யாணத்துக்கு அழைக்காதவனுக்கும் பாயசத்தில் முந்திரி போடாதவளுக்கும் உரியதும், எல்லாம் வெள்ளை வெளேரென்ற ஆவியில் கலந்து, இஞ்சின் முகம் பார்த்திருந்த திசையில் எதிரே நின்ற ஒரே மனிதர் மேல் போய் விழுந்தன. அவர் முதலில் பதில் சொல்லப் பார்த்தார். "நா மாவே வாங்கலீங்கம்மா!" என்றார். "எந்தக் கெணறு? எனக்குக் கெணத்தப் பத்தித் தெரியாதுங்க!" என்றார். "முந்திரியா?" என்றார். ரோஸ்லின் டீச்சரின் குரல், "நீர் நன்றி கெட்டவர்" என்று நிதானமாகச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜேசிபி டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கோகிலாவைக் கும்பிட்டுவிட்டு, மறுபடி ஏறிப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

தன் குரலைத் தன் காதால் கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராக நெஞ்சு சூடேறியது. விசில் விட்ட இடத்தில் பாப்பாத்தியக்காவின் வாய் பிடித்துக்கொண்டது, அவள் விட்ட இடத்தில் இன்னொருத்தி. லேஅவுட் முழுக்க முன்னேறி வந்தது. சென்னியப்பன் தாத்தாவின் பத்திரத்தை மடித்து ஜிப்பாவுக்குள் வைத்துக்கொண்டு, தன் கையாலேயே இரண்டு வேலிக்கல்லைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு, மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்ச் சேர்ந்தார்.

எல்லோரும் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். விசில் மெலிந்துகொண்டே வந்தது. தாரின் கடைசி அடுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் முதன்முதலாகப் படிந்தது, இப்போதுதான் இளகியது போலிருக்கிறது. அது மயிலாத்தாளின் குரல். ஊர் முன்னால் பேசிய குரல் இல்லை. சப்பாத்திக் கட்டைக்கும் முன்பே, அவர் பட்டறைக்குப் போயிருந்த மத்தியான நேரங்களில் தனியாக ஷெட்டுக்கு வந்து பேசிய குரல்.

"ஏண்டி கோகிலா, தவலை போனாப் போகுது. காரு போனாப் போகுது. ஊருச் சனத்தையெல்லாம் ஏத்தி உக்காரவெச்சு இழுக்கறியே, அந்த மனுசனுக்கு ஒருக்காவாச்சும் என்னைய 'ஏறு மயிலா'ன்னு கூப்பிடத் தோணுச்சா? என்ற தம்பி கூட ஏறிட்டான். நானாக் கேக்கோணுமாக்கும்? கேக்க மாட்டேன்டி. சத்தியமாக் கேக்க மாட்டேன்."

அதோடு விசில் நின்றது. மயிலாத்தாள் மிச்சமிருந்த வேலிக்கல்லை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து இஞ்சினுக்குப் பின்னாலிருந்த ஓட்டுநர் பலகையிலிருந்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தார். துண்டு அழுக்காக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி அதனால் துடைத்தார்.

"ஏறு மயிலா" என்றார்.

"அத்தன பேரும் கேட்டதுக்கப்பறம் கூப்பிடறீங்களாக்கும்!" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது. "வெக்கமா இல்ல? சட்டையக் கழட்டித் தொடைக்கறாராம் சட்டைய! யாரு தொவைக்கறது? அப்பறம் அந்தக் கரண்டி! அந்தத் தெரைச்சீலை! நா ஒண்ணும் மறக்கலீங்க."

"ஏறு அம்மணி."

"பொறத்தால பெட்டில எல்லாம் உக்கார மாட்டேன்."

அவர் பின்னால் போய்ப் பெட்டியில் கால் போட்டு உட்கார்ந்தார். அவள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஓட்டுநர் பலகையில் ஏறி, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடியைக் கேட்காமலே கண்டுபிடித்தாள். மெல்லத் திறக்க வேண்டும் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் முழுசாகத் திறந்துவிட்டாள். கோகிலா ஒரு குதி குதித்துக் கிளம்பினாள். பின்னால், இனிமேல் கரிக்கு எந்த வீடு எவ்வளவு தருவது என்று லேஅவுட்டில் சண்டை தொடங்கி, மாவுக்கடைக்காரி நிறையத் தர வேண்டும், எங்கள் வயிற்றைக் கெடுத்தவள் அவள்தான் என்று யாரோ கத்த, பாப்பாத்தியக்கா அவர்கள் பரம்பரையை முதலிலிருந்து எடுத்தாள்.

வேப்பமர வளைவில் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். மயிலாத்தாள் குறைக்கவில்லை. பெட்டி ஒரு பக்கமாகத் தூக்கியது, நாச்சிமுத்து இரண்டு கையாலும் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார், அவருடைய இடது கால் செருப்பு பறந்து போய்ப் புதருக்குள் விழுந்தது.

"நிறுத்து மயிலா, செருப்பு!"

"அடுத்த சுத்துல எடுத்துக்கலாங்க!" என்று அவள் திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்.

அடுத்த சுற்றிலும் அவள் நிறுத்தவில்லை.